பாப்-ஏ குறைவு என்று ரிப்போர்ட் வந்தால்: எதற்குப் பயம், எதற்குக் கவனம்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் வாசகி, 11 நவம்பர் 2024

வயது 29, முதல் கர்ப்பம், 12 வாரம் முடிந்துவிட்டது. டபுள் மார்க்கர் ரிப்போர்ட் இன்று வந்தது. பாப்-ஏ 0.36 என்று போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. கவுண்டரில் இருந்தவர் "கம்மியா இருக்கும்மா, டாக்டரைப் பாருங்க" என்றார், அதோடு சரி. டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார். பாப்-ஏ குறைந்தால் டவுன் சிண்ட்ரோம் என்று நெட்டில் இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்கிறார் என் மாமியார். அவர் எனக்குச் சொந்த அத்தை, அவர் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். இரண்டில் எது உண்மை?

11 நவம்பர், இரவு

இரண்டுமே இல்லை. நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பது, படிவம் நிரப்புவது, ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பது, இதுதான் என் வேலை. அந்த அம்புக்குறியை தினமும் பார்க்கிறேன். டபுள் மார்க்கர் என்பது அம்மாவின் ரத்தத்தில் இரண்டு பொருள்களை அளப்பது: ஒன்று பாப்-ஏ (ப்ரெக்னன்சி அசோசியேட்டட் பிளாஸ்மா புரோட்டீன்-ஏ) என்ற கர்ப்பகாலப் புரதம், மற்றது ஃப்ரீ பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் ஒரு துண்டு.

அம்புக்குறியை விட்டுவிடுங்கள். அதே தாளில் கீழே மூன்று ரிஸ்க் எண்கள் இருக்கும். ஒன்று உங்கள் வயதுக்கு மட்டும் உள்ளது. இன்னொன்று வயதோடு ரத்தத்தைச் சேர்த்தது, பயோகெமிக்கல் ரிஸ்க் என்று இருக்கும். மூன்றாவது என்டி ஸ்கேன் அளவையும் (குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர்) சேர்த்தது, கம்பைன்ட் ரிஸ்க். மூன்றையும் இங்கே எழுதுங்கள். உங்கள் பெயரும் ஐடி நம்பரும் வேண்டாம்.

12 நவம்பர்

அவர் எழுதியது: வயது ரிஸ்க் 720க்கு 1. பயோகெமிக்கல் 230க்கு 1. கம்பைன்ட் 1150க்கு 1. என்டி 1.3 மிமீ, ஃப்ரீ பீட்டா எச்சிஜி 1.1.

நடுவில் இருக்கும் 230தான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். இங்கே பெரும்பாலான லேப்கள் 250 என்று கோடு போடுகின்றன. 250க்கு 1 என்பதைவிட வாய்ப்பு கூடினால் "ஹை ரிஸ்க்". ரத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர் அளவு நன்றாக இருப்பதால், கடைசிக் கணக்கு வயது ரிஸ்க்கைவிடவே நல்லதாக வந்திருக்கிறது. டாக்டர் பார்ப்பது அந்தக் கடைசி எண்ணைத்தான். சில லேப் ரிப்போர்ட்டில் மூன்றாவது எண்ணே இருக்காது, ஏனென்றால் என்டி தாள் ஸ்கேன் சென்டரிலேயே தங்கிவிடும். அப்படி வரும் ரிப்போர்ட் பாதிதான் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

0.36 என்பது என்ன என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது எம்ஓஎம் கணக்கு. உங்கள் அதே நாள் கர்ப்பத்தில் இருக்கும் பெண்களை அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 1. உங்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். டவுன் சிண்ட்ரோம் குழந்தையைச் சுமக்கும் பெண்களின் நடு அளவு இந்த வாரங்களில் சுமார் 0.5, ஃப்ரீ பீட்டா அவர்களுக்குச் சுமார் 2. அதாவது ஒன்று இறங்கும், மற்றது ஏறும். உங்களுக்கு ஒன்று இறங்கியிருக்கிறது, மற்றது ஏறவில்லை.

12 நவம்பர், மாமியார் விஷயம்

டவுன் சிண்ட்ரோம் என்பது 21வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதால் வருகிறது. அம்மாவின் வயது ஏற ஏற இது கூடும். 30 வயதில் சுமார் 900 பிரசவத்தில் 1, 35ல் 350ல் 1, 40ல் 100ல் 1. (இது பிரசவக் கணக்கு, உங்கள் தாளில் உள்ள 720 இந்த வாரங்களுக்கான கணக்கு.) அத்தை மகனா அந்நியமா என்பதற்கு இதில் பங்கு இல்லை.

சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு வகை. அம்மா அப்பா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்து, குழந்தைக்கு இரண்டு பிரதியும் போய்ச் சேர்வது. சில ரத்த நோய்கள், பிறவிக் காது கேளாமை, உடலின் ரசாயன வேலையில் வரும் குறைகள் இந்த வகை. முறைப்பிள்ளைகள் கட்டினால் பிறவிக் குறை வாய்ப்பு எல்லோருக்கும் உள்ளதைவிட சுமார் 2, 3 சதவீதம் கூடும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. டபுள் மார்க்கர் இதில் எதையும் பார்ப்பதில்லை. குடும்பத்தில் அப்படிப்பட்ட நோய் இருந்தால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அப்புறம், சொந்தத்தில் கேட்டது உங்கள் அத்தையா, உங்கள் அப்பாவா? பழியைப் போடுவதற்கு முன் அதையும் விசாரியுங்கள்.

15 நவம்பர்

டாக்டர் "லோ ரிஸ்க், ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நிம்மதி என்று எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் ஃபைலை மூடிவிடாதீர்கள் என்றுதான் இந்தக் குறிப்பு. நம் ஊரில் பாப்-ஏ என்றதும் எல்லோரும் டவுன் சிண்ட்ரோமுக்குப் பயப்படுகிறார்கள். அந்தக் கணக்கு முடிந்ததும் அந்த எண்ணையே மறந்துவிடுகிறார்கள். அந்த எண் சொல்லும் இரண்டாவது சேதி நஞ்சுக்கொடியைப் பற்றியது. உங்கள் விஷயத்தில் அதுதான் மிச்சம் இருக்கிறது.

இந்தப் புரதத்தைக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் முதலில் பிரித்தெடுத்தது 1974ல். கூடவே இன்னும் மூன்று கிடைத்தன, நான்குக்கும் ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்தார்கள். இதை உண்டாக்குவது நஞ்சுக்கொடியின் மேல் உறை. இது அங்கே என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது 1999ல்தான், இருபத்தைந்து வருடம் கழித்து. இது ஒரு நொதி, வேலை செய்ய துத்தநாகம் வேண்டும். வளர்ச்சிக்கான ஐஜிஎஃப் என்ற பொருளை இன்னொரு புரதம் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். பாப்-ஏ அந்தப் பிடியை வெட்டி ஐஜிஎஃப்பை விடுவிக்கிறது. நஞ்சுக்கொடி பதிந்து வளர்வதற்கு அது தேவை.

அதனால் குரோமோசோம் சரியாக இருந்தும் பாப்-ஏ மிகக் குறைவாக இருந்தால், நஞ்சுக்கொடி கொஞ்சம் மெலிவாக அமைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். பின்னாளில் குழந்தை எடை குறைவது, பிரஷர் ஏறுவது, முன்கூட்டியே பிரசவம் ஆவது ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. தொடர்பு என்றுதான் சொல்கிறேன். பாப்-ஏ குறைந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தக் குறையும் இல்லாத குழந்தைதான் பிறக்கிறது.

17 நவம்பர்

"பெரும்பாலோருக்குக் குறை இல்லை என்றால் எதற்கு அந்தப் பெண்ணை மறுபடியும் கலவரப்படுத்துகிறீர்கள்?" என்று பாகூர் அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்.

2016ல் என் முதல் பிரசவம். அப்போது நான் லேபில் இல்லை, ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். டபுள் மார்க்கர் லோ ரிஸ்க் என்று வந்தது, ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம், தாள் பீரோவுக்குள் போனது. ஏழாம் மாதம் வளைகாப்பில் என் சின்னம்மா "வயிறு சின்னதா இருக்கே" என்றார். "முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று மற்ற எல்லோரும் அவரை அடக்கிவிட்டார்கள். வழக்கமாகப் பார்த்த இடத்தில் டேப் வைத்து வயிற்றை அளந்ததாக எனக்கு நினைவே இல்லை. எட்டரை மாதத்தில் ஒரு ஸ்கேன், அன்றே அட்மிஷன், சிசேரியன். பையன் 1.9 கிலோ. இன்குபேட்டர், பால் குடிக்கத் தெரியவில்லை, மஞ்சள் காமாலை, ஒன்று விட்டு ஒன்று. இப்போது மூன்றாம் வகுப்பு, வாய் மட்டும் நாலு கிலோ இருக்கும்.

லேபில் சேர்ந்த பிறகுதான் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பாப்-ஏ 0.31. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தையின் எடை ஏறியிருக்காது, அதற்கு மருந்து கிடையாது. ஆனால் ஏழாம் மாதத்திலேயே ஸ்கேனில் தெரிந்திருக்கும், அவசரத்தில் ஆட்டோ தேடி ஓடியிருக்க மாட்டோம். பச்சைக்குழந்தை ஐசியு இருக்கும் இடத்தில் முன்கூட்டியே பதிந்து வைத்திருப்போம். அண்ணன் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

18 நவம்பர்

புதுச்சேரியிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கேட்கிறார்: "மிகக் குறைவு என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எப்படி? ஆளாளுக்கு 0.7ஐ வைத்துக்கொண்டு பயப்படுவார்கள்." சரியான கேள்வி. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013ல் போட்ட வழிகாட்டியில் 0.415க்குக் கீழே என்று இருந்தது. நூறு பேரில் கடைசி ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வந்தால் 26 முதல் 28 வாரத்திலிருந்து குழந்தையின் வளர்ச்சியையும் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தையும் தொடர்ந்து ஸ்கேனில் பாருங்கள் என்றது அது. 0.7க்கு எதுவும் செய்ய வேண்டாம்.

அதே நர்ஸ் இன்னொன்றும் நினைவூட்டினார்: ஆஸ்பிரின். 2017ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில், பிரஷர் சிக்கலுக்கு அதிக வாய்ப்புள்ள பெண்களை முதல் மூன்று மாதத்திலேயே கண்டுபிடித்து, இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை 36 வாரம் வரை கொடுத்தார்கள். முழு மாதத்துக்கு முன்பே வரும் பிரீ எக்லாம்ப்சியா (அந்தப் பிரஷர் சிக்கல்தான்) அந்தக் குழுவில் 1.6 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3. பாப்-ஏ ஒன்றை மட்டும் பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிரஷர், கர்ப்பப்பை ரத்தக்குழாய் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்), இன்னொரு ரத்தப் பரிசோதனை எல்லாம் கணக்கில் உண்டு. 16 வாரத்துக்கு முன் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம் என்பதால், திருப்பாதிரிப்புலியூர் அம்மா, இந்த வாரமே போய்க் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

23 நவம்பர்

கேட்டுவிட்டாராம். பிரஷர் பார்த்து, டாப்ளர் பார்த்து, மாத்திரை எழுதியிருக்கிறார்கள். 28 வாரத்தில் க்ரோத் ஸ்கேன் என்று ஃபைலில் சிவப்பு மையில் குறித்தும் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்று லேப் பக்கத்துச் சங்கதி. இந்த எண் எப்படியெல்லாம் தடம் மாறும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். படிவத்தில் நாங்கள் கேட்கும் கேள்விகளை "இதெல்லாம் எதுக்கு" என்று எரிச்சலோடு பார்ப்பவர்களுக்காக.

முதலில் நாள். முதல் மூன்று மாதத்தில் பாப்-ஏ நாளுக்கு நாள் வேகமாக ஏறுகிறது. தலைக்குக் குளித்த தேதியை மனக்கணக்காகச் சொல்லி, உண்மையில் கர்ப்பம் ஒரு வாரம் இளையதாக இருந்தால் நல்ல பாப்-ஏகூடக் குறைவாகத் தெரியும். அதனால்தான் ஸ்கேனில் குழந்தையின் தலை முதல் புட்டம் வரையிலான நீளத்தை வைத்து நாளைக் கணக்கிட வேண்டும். 45 முதல் 84 மிமீக்குள் இருந்தால்தான் இந்தப் பரிசோதனை செல்லும்.

அடுத்தது எடை. உடம்பு கனமானால் ரத்தமும் அதிகம், அதில் புரதம் நீர்த்துக் குறைவாகத் தெரியும். கணக்கு போடும் மென்பொருள் அதைச் சரிக்கட்டும், ஆனால் நீங்கள் சொன்ன எடையை நம்பித்தான். 82 கிலோ அம்மா கூச்சப்பட்டு 62 என்றால் எம்ஓஎம் பொய்யாக இறங்கும். நான் இப்போது யாரையும் கேட்பதில்லை, மெஷினில் ஏறச் சொல்லிவிடுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு.

டெஸ்ட் ட்யூப் கர்ப்பம், சர்க்கரை, இரட்டை, புகை எல்லாம் கேட்பதும் இதற்காகவே. புகை பிடித்தால் பாப்-ஏ இறங்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் பக்கத்தில் இருக்கும் கணவரின் முகம் மாறும். உங்களைக் கேட்கவில்லை சார்.

குழாய் முக்கியம். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்து சீரம் பிரிக்க வேண்டும். வயலட் மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் இந்தப் புரதத்தின் கட்டமைப்பையே குலைப்பதால் அளவு கெட்டுப்போகும். வெயிலில் கிடந்தால் பாப்-ஏ ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஃப்ரீ பீட்டா தாங்காது. முழு எச்சிஜி உடைந்து ஃப்ரீ பீட்டா கூடிவிடும், டவுன் ரிஸ்க் பொய்யாக ஏறும். அக்னி நட்சத்திரத்தில் ஐஸ் பெட்டி இல்லாமல் பைக்கில் சாம்பிள் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

5 டிசம்பர்

கரன்ட் நேற்றுதான் வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, மழை எங்களை விட்டபாடில்லை. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதில் கடலூர்-புதுச்சேரி சாலையிலேயே வண்டி நின்றது. சென்னைக்குப் போக வேண்டிய சாம்பிள்களை அனுப்ப வழியில்லை. மார்க்கர் ரத்தம் எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம். எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜ் ஓடாத அறையில் வைப்பதற்கு எடுக்காமல் இருப்பதே மேல். ஒரு பெண்ணுக்கு 13 வாரம் 4 நாள், 13 வாரம் 6 நாளோடு கதவு மூடிவிடும். அவருக்கு இனி நான்காம் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் குவாட்ரூபிள் என்ற ரத்தப் பரிசோதனைதான்.

அதில் பாப்-ஏ இருக்குமா என்று அவரே கேட்டார். இருக்காது. நான்காம் ஐந்தாம் மாதத்தில் டவுன் கர்ப்பத்துக்கும் மற்றதற்கும் பாப்-ஏ வித்தியாசம் மறைந்துவிடும் என்பதால் வேறு நான்கு பொருள்களைப் பார்க்கிறார்கள்.

20 டிசம்பர்

லாஸ்பேட்டையிலிருந்து கேள்வி: "என்ஐபிடி இருக்கும்போது இந்தப் பழைய டெஸ்ட் எதற்கு?"

குழந்தையின் டிஎன்ஏ துணுக்குகள் அம்மாவின் ரத்தத்தில் மிதக்கின்றன என்று 1997ல் டென்னிஸ் லோ குழுவினர் காட்டினார்கள். அந்தத் துணுக்குகளைப் பரிசோதிப்பதுதான் என்ஐபிடி, 2011ல் அது கடைக்கு வந்தது. டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பதில் 99 சதவீதத்துக்கு மேல், சந்தேகமே இல்லாமல் மேலானது. டபுள் மார்க்கரும் என்டியும் சேர்ந்தாலும் சுமார் 90தான், அதுவும் நல்ல கர்ப்பங்களில் நூற்றுக்கு ஐந்தை ஹை ரிஸ்க் என்று வீணாகக் கலங்கவைத்து. ஆனால் விலை பல ஆயிரம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொன்று, என்ஐபிடி நஞ்சுக்கொடியின் நலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நேராக அதற்குப் போனவர்களுக்கு பாப்-ஏ எண்ணே கிடைக்காது. என்டி ஸ்கேனை விட்டுவிடுவதும் தப்பு. வசதி இருந்தால் என்ஐபிடி செய்யுங்கள், 12 வார ஸ்கேனோடு சேர்த்து. அதில் பாசிட்டிவ் வந்தாலும் பனிக்குட நீர் எடுத்து உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. அது 15 வாரத்துக்கு மேல்.

9 ஜனவரி 2025

வந்து குவிந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பாப்-ஏ ஏற என்ன சாப்பிடலாம்? எதுவும் இல்லை. முருங்கைக்கீரை ரத்தத்துக்கு நல்லது, இதற்கு அல்ல.

திரும்ப எடுத்துப் பார்க்கலாமா? நாளோ எடையோ தவறாகப் போயிருந்தால் ரத்தம் எடுக்க வேண்டாம், கணக்கை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்கள். மற்றபடி வேண்டாம்.

பாப்-ஏ அளவை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? முடியாது. கேட்பதும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி குற்றத்தில் கொண்டுபோய் விடும். இதைக் கேட்டவரின் பதிவைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆண்களுக்கு இது உண்டா? கொஞ்சம் உண்டு. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் கூடுகிறது என்று 2001ல் ஒரு ஆய்வு வந்து, இதய டாக்டர்களும் சில காலம் இதன் பின்னால் ஓடினார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும், பிறகு தேடிப் படித்தேன். கர்ப்பம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு ஆண்களின் மார்புக்குள்ளும் வேலை பார்க்கிறது.

6 மார்ச்

திருப்பாதிரிப்புலியூர் க்ரோத் ஸ்கேன் வந்துவிட்டது. எடை 9வது பெர்சென்டைல் (அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரை எடைப்படி நிறுத்தினால் கீழிருந்து ஒன்பதாவது இடம்), டாப்ளர் நார்மல், பனிக்குட நீர் போதுமான அளவு. 10க்குக் கீழே என்பதால் இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் அசைவைக் கவனிக்கச் சொல்லியும் இருக்கிறார்கள்.

நவம்பரில் இந்தப் பேச்சை எடுத்ததே சரிதானா என்று எனக்கு நடுவில் யோசனை வந்தது. நான்கு மாதம் அந்தப் பெண் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்துதான் தூங்கியிருப்பார். 9 என்பது சின்னக் குழந்தையாக மட்டும் இருக்கலாம், அவரும் ஐந்தடி உயரம்தான். ஒரு ஸ்கேனில் அது தெரியாது. அடுத்த ஸ்கேனில் தன் கோட்டிலேயே ஏறுகிறதா, கோட்டை விட்டு இறங்குகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அந்த முதல் புள்ளி 28 வாரத்திலேயே கிடைத்திருக்கிறது. எனக்கு அது எட்டரை மாதத்தில் கிடைத்தது. எடுத்தது சரி என்றே இப்போது நினைக்கிறேன், பாகூர் அண்ணன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

22 மார்ச்

இரண்டாவது ஸ்கேன்: அதே கோட்டில் ஏறியிருக்கிறது. டாப்ளர் நார்மல். அடுத்தது ஏப்ரல் முதல் வாரம். மாமியார்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாராம், அசைவுக் கணக்கையும் அவரே காலண்டரில் குறிக்கிறாராம்.

29 மார்ச்

பண்ருட்டி வாசகிக்கு: முதல் கர்ப்பத்தில் பாப்-ஏ குறைந்திருந்தால் இரண்டாவதிலும் குறைய வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் குறைந்தே தீரும் என்று இல்லை. முதல் குழந்தையின் பிறந்த எடையும் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் பாப்-ஏவைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லும். பழைய ஃபைலை முதல் விசிட்டிலேயே கொண்டுபோங்கள், மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள். திங்கள்கிழமை மட்டும் வேண்டாம், ஸ்கேன் சென்டர்களில் கூட்டம் தாங்காது.